விதி மாறிக்கொண்டே இருந்தால் பேனல் போடலாமா? – வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு சின்னப் பத்தி எழுதியிருந்தேன். வரி, கட்டணம், மானியம் எல்லாம் அடிக்கடி மாறுவதால் காற்றாலை, சோலார் மாதிரி காரியங்களில் பணம் போட நம் ஆட்கள் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கத்துக்குச் சுற்றுச்சூழலும் சேர்ந்து விலை கொடுக்கிறது என்பதுதான் அதில் சொன்ன விஷயம். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி சோமனூர், உடுமலை, திருப்பூர், காங்கேயம் பக்கத்திலிருந்துதான். அதனால் இந்த மாதம் வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை.

எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறேன். குடோன் கூரை மேல் சோலார் போடலாம் என்று பையன் நச்சரிக்கிறான். வருஷத்துக்கு ஒரு விதி வருகிறதே, இப்போதே போடுவதா, கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்பதா?
– விசைத்தறி உரிமையாளர், சோமனூர்

உங்கள் தயக்கத்தில் தப்பே இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடந்த சில வருஷங்களில் சோலாருக்கு வந்து போன விதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். 2018 ஜூலையில் வெளிநாட்டுப் பேனலுக்கு 25 சதவீதம் பாதுகாப்பு வரி. 2020 டிசம்பர் கடைசி நாளில், 10 கிலோவாட்டுக்கு மேல் போனால் நெட் மீட்டர் (கூரையில் மிஞ்சும் கரண்டை லைனுக்குக் கொடுத்து அதை பில்லில் கழித்துக்கொள்ளும் முறை) கிடையாது என்று மத்திய அரசின் விதி. ஆறே மாதத்தில், 2021 ஜூனில், அதே வரம்பை 500 கிலோவாட் என்று மாற்றினார்கள். நடுவில் அந்த ஆறு மாதம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவனின் வயிற்றெரிச்சலை யார் கணக்கில் எடுப்பது? 2021 அக்டோபரில் ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 12 ஆனது, 2025 செப்டம்பரில் திரும்ப 5-க்கே வந்தது. 2022 ஏப்ரலில் இறக்குமதிப் பேனலுக்கு 40 சதவீதம் சுங்கவரி வந்தது. இதெல்லாம் டெல்லியில் நடந்தது. நம் மாநிலத்தில் நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்று வந்து, என் கூரையில் விளைகிற கரண்டை என் தறியே எடுத்துக்கொண்டாலும் அதற்கும் காசா என்று கோவை, திருப்பூர் சிறுதொழில்காரர்கள் கொதித்துப்போனார்கள். 2023-ல் கதவடைப்பு வரைக்கும் போன பிறகுதான் அந்தக் கட்டணத்தில் பாதியைக் குறைப்பதாக அரசு அறிவித்தது.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். ஒரு கிலோவாட் பேனல் நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் கொடுக்கும். 10 கிலோவாட் போட்டால் வருஷத்துக்கு ஏறக்குறைய 14,000 யூனிட். ஒரு பேச்சுக்கு 5 லட்சம் செலவு என்றும், யூனிட்டுக்கு 6 ரூபாய் மிச்சமாகும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 84,000 மிச்சம், ஆறு வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். நாளைக்கே ஏதாவது ஒரு கட்டணம் வந்து யூனிட்டுக்கு ஒன்றரை ரூபாய் போய்விடுகிறது என்றால், மிச்சம் 63,000, எட்டு வருஷம் ஆகும். பேனல் 25 வருஷம் உழைக்கும் பண்டம். ஆக, மோசமான விதி வந்தாலும் முதல் மூழ்கிவிடாது. ஆனால் இது கையில் காசு வைத்திருப்பவனுக்கான கணக்கு. கடன் வாங்கிப் போடுகிறவனுக்கு ஆறு வருஷம் எட்டாக நீளும்போது கூடுதலாக இரண்டு வருஷ வட்டி வருகிறது, நெசவுக் கூலி மட்டும் அப்படியே நிற்கிறது. பெரிய மில்காரருக்கு இது ஒரு வரவுசெலவுத் தலைவலி, அவ்வளவுதான். எட்டுத் தறிக்காரருக்கோ மகள் கல்யாணம் தள்ளிப்போகிற விஷயம். விதி ஆட்டம் போடும்போது முதலில் அடி வாங்குவது சின்னவன்தான் என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று, விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் இருக்கிறது, 2023-ல் 750-லிருந்து உயர்த்தினார்கள். இலவசமாக வரும் யூனிட்டை சோலார் மிச்சப்படுத்தினால் உங்களுக்கு ஒரு பைசா லாபம் இல்லை. ஆகவே ஒரு வருஷத்து பில் அட்டையை எடுத்து, 1,000-க்கு மேல் எவ்வளவு ஓடுகிறது என்று பாருங்கள். அந்த அளவுக்கு மட்டும் போடுங்கள். என் யோசனை, இப்போதைக்கு 5 கிலோவாட் போட்டு ஒரு வருஷம் ஓட்டிப் பாருங்கள். விதி நிலைத்தால் அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். இன்வெர்ட்டரை மட்டும் அதற்கு இடம் விட்டு வாங்குங்கள். போடும் முன்னால் கூரையைப் பாருங்கள். பழைய சிமென்ட் ஷீட் குடோன் என்றால் அதன் மேல் நேரடியாக ஏற்ற வேண்டாம், தனியாக இரும்புத் தாங்கி நிறுத்துங்கள். தறிக்குடோன் பக்கம் பஞ்சுத் தூசி பறந்து பேனலில் ஒட்டும், வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். போர் தண்ணியில் கழுவிக் காயவிட்டால் வெள்ளை வெள்ளையாக உப்புத் திட்டு நிற்கும், காய்வதற்குள் ரப்பர் வைப்பரால் வழித்துவிடுங்கள். உங்கள் பக்கத்து ஊர் குடோன் ஒன்றில் நானே பார்த்தேன். வழிக்காத நாலு பேனல் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது.

பொருளாதாரக் கொள்கை நிச்சயமின்மைக் குறியீடு என்று ஒன்றை ப்ராஜெக்ட்டுக்கு எடுத்திருக்கிறேன். நிச்சயமின்மையைக் கூட எண்ணாக அளக்க முடியுமா? அதற்கும் பசுமை ஆற்றலுக்கும் என்ன சம்பந்தம்?
– முதுகலை மாணவி, பெருந்துறை

அளக்கிறார்கள், பத்திரிகையை எண்ணி. ஸ்காட் பேக்கர், நிக்கோலஸ் புளூம், ஸ்டீவன் டேவிஸ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 2016-ல் வெளியிட்ட முறை அது. பொருளாதாரம், நிச்சயமின்மை, அப்புறம் அரசின் கொள்கையைக் குறிக்கும் சொற்கள், இந்த மூன்று வகைச் சொல்லும் ஒரே செய்தியில் வந்தால் அதை ஒன்றாக எண்ணுவார்கள். மாதாமாதம் அப்படி எத்தனை செய்தி வந்தது, மொத்தச் செய்தியில் அது எவ்வளவு பங்கு என்பதிலிருந்து குறியீடு வருகிறது. இந்தியாவுக்கும் ஒன்று உண்டு, ஏழு ஆங்கிலப் பத்திரிகைகளை வைத்து. எளிமையான, நல்ல முறை. ஆனால் நீ கவனிக்க வேண்டியது, அந்த ஏழு பத்திரிகையில் பல்லடத்துக் கறிக்கோழிப் பண்ணைக்காரர் ஈபி ஆபீஸ் வாசலில் நின்று கேட்கிற கேள்வி ஏறாது. நாடு முழுக்க அமைதியாக இருக்கும் மாதத்தில் நம் மாவட்டத்தில் ஒரு கட்டண உத்தரவு எல்லோர் தூக்கத்தையும் கெடுத்திருக்கலாம்.

சம்பந்தம் எங்கே என்றால், செலவு எப்போது விழுகிறது என்பதில். அனல் மின் நிலையத்துக்குப் பாதிச் செலவு பின்னால் வருகிறது, நிலக்கரி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். காற்றுக்கும் வெயிலுக்கும் காசு கிடையாது, ஆனால் இயந்திரத்துக்கான காசு மொத்தமும் முதல் நாளே போய்விடுகிறது. போட்ட பிறகு திரும்ப எடுக்க முடியாத செலவு என்றால் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம் என்று 1983-லேயே பென் பெர்னான்கி ஒரு கட்டுரையில் காட்டினார், பிற்பாடு அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்தவர். எல்லோரும் ஒரே நேரத்தில் பொறுத்துப் பார்த்தால் ஒரு காத்தாடியும் (காற்றாலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம்) புதிதாக எழும்பாது. வங்கிக்காரர்களும் அந்தப் பயத்தை வட்டியில் ஏற்றிவிடுகிறார்கள். வளரும் நாடுகளில் ஒரு பெரிய சோலார் நிலையத்துக்குப் பணம் திரட்ட ஆகும் செலவு, அதாவது வட்டியும் பணம் போடுகிறவர் எதிர்பார்க்கும் லாபமும், பணக்கார நாடுகளில் ஆவதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் என்று சர்வதேச எரிசக்தி முகமை சொல்கிறது. வெயில் நம்மிடம்தான் அதிகம், வட்டியும் நம்மிடம்தான் அதிகம்.

நிச்சயமின்மை கூடினால் புகை கூடுமா குறையுமா என்று ஆய்வுகளில் இரண்டு விதமாகவும் முடிவு வருவதைப் பார்த்துக் குழம்பாதே. ஆர்டர் இல்லாமல் ஷிப்ட் குறைந்தால் அந்த மாதம் புகை குறையத்தான் செய்யும். ஆனால் புது பாய்லர் வாங்க நினைத்தவர் வாங்காமல் பழைய விறகு பாய்லரையே இன்னும் ஐந்து வருஷம் ஓட்டுவாரே, அந்தப் புகை பின்னால் வரும். எவ்வளவு காலத்தை எடுத்துப் பார்க்கிறாய் என்பதைப் பொறுத்து விடை மாறும். உனக்கு நேரம் இருந்தால் குறியீட்டோடு நிறுத்தாமல், தமிழ்நாட்டில் காற்றாலை சம்பந்தமாக வந்த உத்தரவுகளின் தேதிகளை ஒரு பட்டியலாகப் போட்டு, ஒவ்வொரு வருஷமும் புதிதாக நின்ற காற்றாலைகளின் அளவோடு பக்கத்தில் வைத்துப் பார். அடுத்த கேள்விக்கு நான் எழுதியிருப்பதும் அதைத்தான்.

எங்கள் பக்கம் ஒரு காலத்தில் வாரத்துக்கு ஒரு காத்தாடி புதிதாக எழும்பியது. அப்புறம் திடீரென்று புதுசு வருவதே நின்றுபோனது. காற்று என்னவோ அதே காற்றுதான். ஏன்?
– நிலத்தைக் காத்தாடிக்கு விட்ட விவசாயி, உடுமலைப்பேட்டை

காற்று மாறவே இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசியிலிருந்து ஆவணி வரை வீசுகிற அந்தக் காற்றுக்காகத்தான் உடுமலை, பூளவாடி, கேத்தனூர், பல்லடம், தாராபுரம் காடுகளில் இத்தனை காத்தாடி வந்தது. மாறியது வரிச் சட்டம்.

காற்றாலை போட்டால் இயந்திர விலையில் 80 சதவீதத்தை முதல் வருஷமே தேய்மானமாகக் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை இருந்தது. நூற்பாலை வைத்திருந்தவர், நகைக்கடை வைத்திருந்தவர் என்று லாபம் வந்த எல்லோரும் மார்ச் மாதத்துக்குள் ஒரு காத்தாடி நிறுத்திவிடத் துடித்தார்கள். இன்னொரு பக்கம் உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா ஊக்கத்தொகை, 2009-ல் வந்தது. 2012 மார்ச் 31-ஓடு இரண்டையும் சேர்த்து நிறுத்தினார்கள். 2011-12-ல் நாடு முழுக்க 3,000 மெகாவாட்டுக்கு மேல் புதிதாக நின்றது, அடுத்த வருஷம் 1,700 சுற்றுதான். ஊக்கத்தொகையை 2013-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள், தேய்மானத்தை 2014-ல் திரும்பக் கொடுத்தார்கள், 2017-ல் அதையே 40 சதவீதமாகக் குறைத்தார்கள். அதே 2017-ல், ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என்று அரசு விலை வைத்து வாங்கும் முறை போய், குறைந்த விலை கேட்பவரிடம் வாங்கும் ஏலம் வந்தது. முதல் ஏலத்தில் விலை 3 ரூபாய் 46 பைசாவுக்கு இறங்கியது. 2016-17-ல் 5,500 மெகாவாட் சுற்று நின்ற நாட்டில் அடுத்த வருஷம் 2,000 கூட நிற்கவில்லை.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்தத் தேய்மானச் சலுகையில் கோளாறு இருந்தது உண்மை. வரியை மிச்சம் பிடித்தால் போதும், கரண்ட் எவ்வளவு வந்தால் என்ன என்று போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காதவர்களும் உண்டு. ஏலத்தால் மின்சாரம் மலிவாகக் கிடைத்ததும் உண்மை. மாற்றியது தப்பு என்று நான் சொல்லவில்லை. மாற்றப்போகிறோம், இந்தத் தேதியிலிருந்து, இந்த அளவில், ஏற்கனவே போட்டவர்களுக்கு இது பொருந்தாது என்று இரண்டு மூன்று வருஷம் முன்னாலேயே சொல்லியிருந்தால் கிரேன் ஓட்டியவரும், கோபுரம் அடித்த கோவைப் பட்டறைக்காரரும், சைட்டில் சோறு போட்ட அம்மாவும் ஒரே நாளில் வேலை இல்லாமல் நின்றிருக்க மாட்டார்கள். போதாக்குறைக்கு, நல்ல காற்றுக் காலத்தில் லைன் தாங்காது என்று காத்தாடியை நிறுத்தச் சொன்ன வருஷங்களும் இருந்தன, விற்ற கரண்டுக்குப் பணம் வருஷக்கணக்கில் இழுத்த காலமும் இருந்தது.

எங்கள் பங்காளி வீட்டுக் காட்டில் தொண்ணூறுகளில் நின்ற ஒரு 250 கிலோவாட் காத்தாடி இன்னும் இருக்கிறது. ஆடி மாதம் அதன் அடியில் நின்றால் இறக்கை ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் துணியை உதறுகிற மாதிரி சத்தம் வரும், கதவைத் திறந்தால் கியர் ஆயில் வாசம். அதைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் நாற்பது பக்க நோட்டில் தினமும் ரீடிங் எழுதுகிறார். ஒரு பாகம் போய்விட்டால் அதைச் செய்த கம்பெனியில் இப்போது அது கிடைப்பதில்லை, வேறெங்காவது நின்றுபோன காத்தாடியில் இருந்து கழற்றி வருகிறார்கள். அது நிற்கும் இடம் நல்ல காற்று உள்ள இடம். அங்கே இன்றைய இயந்திரம் ஒன்றை நிறுத்தினால் பத்து மடங்கு கரண்ட் எடுக்கலாம். பழையதைக் கழற்றிப் புதியது போடுவதற்கு 2024 ஆகஸ்டில் மாநில அரசு ஒரு கொள்கை வெளியிட்டது; அதில் உள்ள கட்டணமும் நிபந்தனையும் கட்டுப்படியாகாது என்று உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பேசி முடிக்கிற வரைக்கும் அந்த அண்ணன் ஸ்பேர் தேடி அலைவார். தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை இருக்கிறது, ஆனால் முதலிடத்தைக் குஜராத்திடம் விட்டுவிட்டோம். எனக்கு அந்த வருத்தம் நிறைய உண்டு.

சுற்றுச்சூழல் விதி கடுமையானால் தொழில் செத்துவிடும் என்பதற்கு 2011 திருப்பூர்தானே சாட்சி?
– பனியன் கம்பெனி மேலாளர், திருப்பூர்

நான் நேரெதிராக நினைக்கிறேன். நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலக்கிறது என்று 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நான் ஊரில்தான் இருந்தேன். அவிநாசி ரோட்டில் லோடு வண்டிகள் வரிசையாகச் சும்மா நின்றதும், வாடகை வீடுகளைக் காலி செய்துகொண்டு தென்மாவட்டத்துப் பிள்ளைகள் பஸ் ஏறியதும் இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த வேதனையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அது ஒரு நாளில் வந்ததா? கழிவுநீர் ஒரு சொட்டுக் கூட வெளியே போகக்கூடாது என்று 2006 டிசம்பரிலேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் அவகாசம், அதன் மேல் அவகாசம். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஒவ்வொரு முறை தேதி தள்ளும்போதும், சொந்தக் காசைப் போட்டு சுத்திகரிப்பு நிலையம் கட்டியவர் ஏமாளி ஆனார், கட்டாமல் பொறுத்திருந்தவர் பிழைத்துக்கொண்டார். இதுவும் நிச்சயமின்மைதான். விதி எழுத்தில் கடுமையாகவும் நடைமுறையில் இளகியும் இருந்தால் நேர்மையானவனுக்குத்தான் நஷ்டம். இத்தனை காலமும் நொய்யல் சிவப்பாகவும் ஊதாவாகவும் ஓடியது. பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயத்தண்ணி நிற்கிற குட்டையானது. அணைக்குக் கீழே இருந்த விவசாயிகள் தண்ணீரைத் திறந்து விடாதே என்று போராடினார்கள். அணை கட்டிய பிறகு அதைத் திறக்க வேண்டாம் என்று உழவன் கேட்கிற நிலைமை வேறு எங்காவது உண்டா?

2011-க்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். இனி தள்ளிப்போகாது என்று எல்லோருக்கும் புரிந்தவுடன் பணம் வந்தது. மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது, பட்டறைகள் ஒன்றுசேர்ந்து முதல் போட்டன. இன்றைக்கு 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடுகின்றன, தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் மறுபடி பட்டறைக்கே திரும்புகிறது. உப்பைக் கூடப் பிரித்தெடுத்துத் திரும்பச் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். இப்போது வெளிநாட்டு வாங்குபவர்களிடம் திருப்பூர் முதலில் எடுத்துச் சொல்வதே இதைத்தான். 2024-25-ல் ஏற்றுமதி 45,000 கோடி ரூபாய் சுற்றி இருந்தது, 2011-ல் செத்துப்போன ஊர் என்று யாரும் சொல்ல முடியாது.

குறை இல்லாமல் இல்லை. எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக நிலையங்களின் ஷெட்டில் குவிகிறது. தண்ணீரை ஆவியாக்கி உப்பெடுக்க விறகும் கரண்டும் ஏராளமாக வேண்டும். ஆற்றைக் காப்பாற்றச் செலவழிகிற அந்த ஆற்றல் காத்தாடியிலிருந்தோ சோலாரிலிருந்தோ வராவிட்டால், ஆற்றில் விட்ட அழுக்கை ஆகாயத்தில் விடுகிறோம் என்றுதான் ஆகும். அதனால்தான் மின்கட்டண விதியும் ஆற்று விதியும் எனக்கு ஒரே விஷயமாகத் தெரிகிறது. ஒன்றை உறுதியாக வைத்துவிட்டு இன்னொன்றை வருஷா வருஷம் ஆட்டினால் சுத்திகரிப்பு நிலையத்தின் செலவுக் கணக்கு எப்படி நிற்கும்? போதாததற்கு வெளியிலிருந்தும் அடி வருகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 25 சதவீதமும், அதே மாதக் கடைசியில் இன்னொரு 25-ம் என்று வரி ஏற்றியபோது, சோலாருக்கு ஒதுக்கி வைத்த பணத்தைச் சம்பளத்துக்கு எடுத்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்த ஒருவர் சொன்னார். அவரை எப்படிக் குறை சொல்வது?

ஐரோப்பாவுக்கு வார்ப்புப் பொருள் அனுப்புகிறேன். கார்பன் வரி என்கிறார்கள். சோலார் கரண்ட் வாங்கினால் தப்பிக்கலாமா?
– ஃபவுண்டரி உரிமையாளர், கோவை

பொருளைச் செய்யும்போது எழுந்த புகைக்கு ஏற்ப, அது ஐரோப்பாவுக்குள் இறங்கும்போது வாங்கும் வரி அது. முதலில் உங்கள் பொருளின் சுங்கக் குறியீடு அந்த வரிப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், எல்லா வார்ப்பும் உள்ளே வராது. இரும்பு எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவைதான் இப்போது வரம்பில். 2023 அக்டோபரிலிருந்து கணக்கு மட்டும் கேட்டார்கள், 2026 ஜனவரியிலிருந்து காசுக்கும் பொறுப்பு வருகிறது. கட்டுவது அங்கே இறக்குமதி செய்பவர், ஆனால் புகைக் கணக்கை அவர் உங்களிடம்தான் கேட்பார். இப்போதைக்கு இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நேரடியாக வரும் புகையை மட்டும் எடுக்கிறார்கள், நீங்கள் வாங்கும் கரண்டுக்குப் பின்னால் உள்ள புகை அதில் சேராது. ஆகவே இந்த வரிக்காக மட்டும் சோலார் என்றால் பலன் தேடாதீர்கள். பில்லைக் குறைக்க என்றால் போடுங்கள். இன்றிலிருந்தே உருக்குக்கு எவ்வளவு கரி, எவ்வளவு யூனிட் என்று தனித்தனியாக எழுதி வைக்க ஆரம்பியுங்கள்.

விதி மாறுவது நம் நாட்டில் மட்டும்தானா, மற்ற நாடுகளிலும் இப்படித்தானா?
– லாரி பட்டறை நடத்துபவர், நாமக்கல்

மற்ற இடங்களிலும்தான். வியட்நாமில் 2017-ல் சோலாருக்கு யூனிட்டுக்கு 9.35 அமெரிக்க சென்ட் என்று விலை வைத்தார்கள், 2019 ஜூன் 30-க்குள் ஓட வேண்டும் என்று கெடு. ஜனங்கள் விழுந்தடித்துப் போட்டார்கள். அடுத்த விலை, அடுத்த கெடு 2020 டிசம்பர். அதற்குள் 16,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது, பெரிய சாதனைதான். ஆனால் லைன் பத்தவில்லை, பல நிலையங்களை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். அதன் பிறகு என்ன விலை என்று தெரியாமல் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அடுத்த மின் திட்டம் 2023 மே மாதம்தான் வந்தது. தென்னாப்பிரிக்காவில் ஏலத்தில் ஜெயித்தவர்களோடு ஒப்பந்தம் போட அரசு மின் நிறுவனம் சுமார் இரண்டு வருஷம் மறுத்தது, 2018 ஏப்ரலில்தான் 27 திட்டங்களுக்குக் கையெழுத்தானது. அதன் பிறகு சில வருஷம் அந்த நாட்டில் மின்வெட்டு தினசரிச் செய்தியாக இருந்தது. காற்றும் வெயிலும் இருந்தும் இருட்டில் இருந்தார்கள்.

வீட்டுக்குப் பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் போடலாமா? இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடுகிறது.
– இல்லத்தரசி, கோபிசெட்டிபாளையம்

மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய், நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். ஆனால் 100 யூனிட் ஏற்கனவே இலவசம், மீதி 200-ம் கீழ்ப்படி விலையில்தான் வருகிறது. அவசரப்பட வேண்டாம் அம்மா. ஏசியோ மின்சார ஸ்கூட்டரோ வாங்கும் எண்ணம் இருந்தால் அப்போது போடுங்கள். பக்கத்தில் தென்னை இருக்கிறதா பாருங்கள், ஒரு மட்டையின் நிழல் விழுந்தாலே உற்பத்தி நன்றாகக் குறையும்.

எங்கள் கொறங்காட்டை சோலார் கம்பெனிக்கு 29 வருஷக் குத்தகைக்குக் கேட்கிறார்கள். ஏக்கருக்கு வருகிற வாடகை மாட்டில் வருவதை விட அதிகம். கொடுத்தால் தப்பா?
– விவசாயி, காங்கேயம்

இந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். கொறங்காடு என்றால் என்ன என்று தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மழை குறைவான காங்கேயம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் தலைமுறை தலைமுறையாக மாடு ஆடு மேய வைத்திருக்கும் மேய்ச்சல் காடு அது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். காய் உதிரும் காலத்தில் ஆடு அந்த மரத்தடியை விட்டு நகராது. காங்கேயம் காளைக்கு அந்த எலும்பும் திமிலும் வந்தது அந்தப் புல்லில் இருந்துதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உரமோ பாசனமோ இல்லாமல் நூறு வருஷமாக நடக்கிற ஒரு காரியம், சுற்றுச்சூழல் என்று பார்த்தால் அதைவிடப் பசுமையானது நம் நாட்டில் அதிகம் இல்லை. அதை மட்டம் தட்டி, வேலியைப் பிடுங்கிவிட்டுப் பேனல் பரப்பினால் அதற்கும் பசுமை ஆற்றல் என்றுதான் பேர். எனக்கு அது ஒப்பவில்லை. ஓட்டுக் கூரை, மில் கூரை, கல் எடுத்துவிட்ட பாறைக்குழி, பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் மேல்பகுதி என்று எத்தனையோ இடம் வெயிலில் சும்மா கிடக்கிறது, அதெல்லாம் நிரம்பிய பிறகு கொறங்காட்டுக்கு வரட்டும்.

ஆனால் உங்கள் வீட்டு அடுப்பு எரிவது என் கருத்தில் இல்லை. பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள், மாடு பார்க்க ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் மொத்தத்தையும் கொடுக்காதீர்கள், பாதியை வைத்துக்கொள்ளுங்கள். பேனலை ஆள் உயரத்துக்கு நிறுத்தினால் கீழே ஆடு மேயலாம், கேட்டுப் பாருங்கள், தாங்கிக்குச் செலவு கூடும் என்பார்கள், கேட்பதில் தப்பில்லை. ஒப்பந்தத்தில் நாலு விஷயம் தெளிவாக வேண்டும். வாடகை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை எவ்வளவு ஏறும். கம்பெனி கை மாறினால் யார் பொறுப்பு. 29 வருஷம் முடிந்து கான்கிரீட் அடித்தளத்தைத் தோண்டி எடுப்பது யார் செலவில். கழுவுகிற தண்ணீர் எங்கிருந்து. இதையெல்லாம் விட முக்கியமானது, மின்சார விலையை அரசு குறைத்தாலோ வரியை மாற்றினாலோ உங்கள் வாடகையைக் குறைக்க அவர்களுக்கு உரிமை கொடுக்கும் வரி ஏதாவது உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். விதி மாறும்போது வரும் நஷ்டத்தை மேலே இருப்பவர் கீழே தள்ளுவார், அது கடைசியில் வந்து நிற்பது நிலத்துக்காரரிடம். அப்படி ஒரு வரி இருந்தால் அதை எடுக்கச் சொல்லுங்கள், எடுக்க மாட்டேன் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். ஆங்கிலத்தில் இருக்கும் ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி வாங்கி, உங்களுக்கு வேண்டிய ஒரு வக்கீலிடம் காட்டி, வீட்டில் அம்மணிக்கும் ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு அப்புறம் போடுங்கள். கிளுவை வேலியைப் பிடுங்குவதாக இருந்தால் போத்துகளை வெட்டி மீதிக் காட்டின் ஓரத்தில் நட்டுவிடுங்கள். ஐப்பசி மழைக்குத் தழைத்துவிடும்.